மூளையைக் காக்க காதிலிருந்து தொடங்குவோம்

(சேலம் அம்மாப்பேட்டையில், விசைத்தறித் தொழிலாளர் குடும்பங்களிடையே ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நன்றி.

மூளை நன்றாக இருக்க என்ன சாப்பிடலாம் என்றுதான் பலர் கேட்கிறார்கள். வல்லாரை, பாதாம், வால்நட் என்று பட்டியலும் அவர்களிடமே இருக்கும். தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் தறிச் சத்தம் கேட்கிற ஊரில் மூளையைப் பற்றிப் பேசுவதென்றால், நான் காதிலிருந்துதான் தொடங்குவேன்.

மறதி நோய், அதாவது டிமென்ஷியா பற்றி, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14-ஐ அது சொல்கிறது. அத்தனையையும் சரிசெய்தால் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. அந்த 14-இல் முன்னால் நிற்பவை இரண்டு: நடுவயதில் ஏறும் கெட்ட கொழுப்பு, காது மந்தமாவது.

கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும் என்றால், அங்கே சத்தம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். நாடாத் தறி ஓடும் கூடத்தில் கத்தினாலும் கேட்காது. கை ஜாடையும் உதட்டசைவும்தான். வருடக்கணக்கில் தினம் 8 மணி நேரம் அதில் நின்றால் உள்காதின் நுண்மயிர் செல்கள் செத்துப்போகும். மறுபடி முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். அதனால்தான் "சத்தம் கேட்குது டாக்டர், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்கிறார்கள்.

அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். காது மந்தமானவர் கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார். கேட்டதற்கு ஒன்று, சொன்னதற்கு ஒன்று என்று பதில் வர, பிள்ளைகள் சிரிப்பார்கள். அடுத்த விசேஷத்துக்கு "நீங்க போயிட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒவ்வொரு சொல்லையும் ஊகிப்பதிலேயே மூளை களைத்துப்போகிறது. பேச்சும் பழக்கமும் குறையக் குறைய அதற்கு வேலையும் குறைகிறது. தயவுசெய்து அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

காது மெஷின் வைத்தால் மறதி வராதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் காது மந்தமான 977 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு மெஷின் கொடுத்து, எல்லோரையும் 3 ஆண்டுகள் கவனித்து, முடிவை 2023-இல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏற்கெனவே ஆபத்து கூடுதலாக இருந்தவர்களில் மெஷின் வைத்தவர்களிடம் நினைவாற்றலும் சிந்தனையும் சரிகிற வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நம்மில் அந்த ரகம்தான் அதிகம்.

இளைஞர்களே, இதோ பாருங்கள், சத்தத்தைக் குறைக்கக் காதில் வைக்கும் நுரை அடைப்பான். மருந்துக்கடையில் கிடைக்கும். காதில் பஞ்சு வைப்பது போதாது. அது சத்தத்தைத் தடுக்காது. இதை விரல்களுக்கிடையே மெல்லிசாகத் திரியுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே, பின்பக்கமாக இழுங்கள். உள்ளே வைத்து, அது உப்பி நிற்கும்வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பார்த்தீர்களா, என் குரல் எனக்கே மாறிக் கேட்கிறது. இதை வாங்கித் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்தது ரத்த அழுத்தம். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. உடம்புக்கு வரும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய் கெட்டால் முதலில் தவிப்பது அதுதான். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு டீஸ்பூன். சாயங்காலம் தட்டுவடை செட், ராத்திரி ஊறுகாய் என்றால் கணக்கு தாண்டிவிடும். தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை, தினமும் வேண்டாம். மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

நடை, வாரத்துக்கு 150 நிமிடம். தூக்கம், 7 மணி நேரம்; நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவரை வீட்டார் எழுப்பாமலிருப்பதும் பெரிய உதவி.

இங்கே ஒரு சந்தோஷமான சேதி. சேலத்தில் வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசி, வெளியே தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு: இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அப்படித்தான். ஆகவே பாட்டியின் பாஷையைப் பேரப்பிள்ளைகளுக்கும் பேசக் கற்றுக்கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. தலையில் படும் அடியும் அந்த 14-இல் ஒன்று. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பட்டையை மாட்டி இறுக்குங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஒன்று வேண்டும்.

வாசல் பக்கம் ரத்த அழுத்தம் பார்க்கச் செவிலியர் உட்கார்ந்திருக்கிறார். 40 வயது தாண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம்.