ராணிப்பேட்டைக் கிளையின் பழைய விற்பனை எங்கே போயிற்று?

[திரையில்: ஒரு கிளையின் முகவரியில் ‘வேலூர்’ அழிந்து ‘ராணிப்பேட்டை’ தோன்றுகிறது.]

வணக்கம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ராணிப்பேட்டையில் கிளை வைத்திருக்கும் ஒரு மளிகை நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பில் போடும் மென்பொருளுக்கு இன்றைய முகவரி தெரிந்தால் போதும் என்பதால், அங்கே மாவட்டப் பெயரை அழித்து எழுதுவதில் தவறில்லை. பல ஆண்டுத் தகவல்களை அறிக்கைகளுக்காகச் சேர்த்து வைக்கும் தரவுக் கிடங்கிலும் (data warehouse) அப்படியே அழித்து எழுதினால், 2018ஆம் ஆண்டின் வேலூர் மாவட்ட விற்பனையிலிருந்து அந்தக் கிளை சத்தமில்லாமல் விலகிவிடும். அன்று அச்சிட்டுக் கொடுத்த அறிக்கையில் ஒரு தொகையும் இன்று திரையில் வேறொரு தொகையும் இருக்கும்.

இத்துறையின் முன்னோடி பில் இன்மன் (Bill Inmon) தரவுக் கிடங்குக்கு வகுத்த நான்கு இலக்கணங்களில் இரண்டு, தரவைக் காலத்தோடு சேர்த்து வைப்பதும், வைத்ததைக் கலைக்காமல் இருப்பதும் ஆகும். இதற்கு இன்னொரு முன்னோடியான ரால்ஃப் கிம்பாலின் ‘டைப் 2’ முறை, அதாவது பழைய வரிசையை அழிக்காமல் மாற்றத்துக்குப் புதிய வரிசை சேர்க்கும் முறை, கைகொடுக்கிறது.

[திரையில்: இரண்டு வரிசைகள். 41, கிளை 07, வேலூர். 88, கிளை 07, ராணிப்பேட்டை.]

கிளை ஒன்றுதான், வரிசைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. விற்பனை அட்டவணை, கிளை எண்ணை நம்பாமல் 41 அல்லது 88 என்ற சரோகேட் கீயை, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் கிடங்கு தனியாகத் தரும் எண்ணைச் சுமப்பதால், பழைய பில்கள் வேலூரிலேயே நிற்கும். இன்றைய மாவட்ட எல்லைப்படி பழைய விற்பனையைப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் நிச்சயம் வரும். அதற்காக ‘தற்போதைய மாவட்டம்’ என்று தனியாக ஒரு நெடுவரிசை வைத்துவிடுவது நல்லது. எல்லாவற்றுக்கும் வரலாறு தேவையில்லை. எழுத்துப்பிழையைத் திருத்தவும் புதிய வரிசை போடுவது வீண் வேலை. எதற்கு வரலாறு வேண்டும் என்பதை, அறிக்கையைப் படிப்பவர்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

விற்பனை அட்டவணையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதையும் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். பில்லுக்கு ஒரு வரிசையா, பில்லில் உள்ள பொருளுக்கு ஒரு வரிசையா? மூன்று பொருள்கள் உள்ள பில்லுக்கு மொத்தமாகக் கொடுத்த 50 ரூபாய்த் தள்ளுபடியைப் பொருள் வரிசைகள் ஒவ்வொன்றிலும் எழுதினால், கூட்டும்போது அது 150 ரூபாயாகிவிடும்.

அன்றைய விற்பனையைக் கிடங்கில் ஏற்றும் இரவு நேர லோடு பாதியில் நின்று, காலையில் யாரோ மறுபடி ஓட்ட, ஒரு நாள் விற்பனையின் பெரும்பகுதி இருமடங்கானதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நாளுக்குரிய வரிசைகளை நீக்கிவிட்டு ஏற்றும்படி லோடை அமைத்தால், எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாது.

[திரையில்: தாமதமாக வந்து சேர்ந்த ஒரு பழைய பில்.]

இணையம் அறுந்ததால் கையால் எழுதிய அக்டோபர் மாதப் பில் ஒன்று, மாவட்டம் பிரிந்த பிறகு டிசம்பரில் வந்து சேர்கிறது. அதற்கு உரிய கீ 41 தான். ஏற்றும் நாளைக் கொண்டு தேடினால் 88 கிடைக்கும், ஆகவே பில்லின் தேதியைக் கொண்டு தேட வேண்டும்.