ஜெர்மனி போறீங்களா? காலி பாட்டிலை மட்டும் நசுக்காதீங்க!

பேராசிரியர் பாடத்தை முடித்து லேப்டாப்பை மூடுகிறார். அடுத்த நொடி, வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் விரல் முட்டியால் மேசையை டொக் டொக்கென்று தட்டுகிறார்கள். நம்ம ஊர்க் காலேஜில் இப்படித் தட்டினால் ஐடி கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். ஜெர்மனியில் இதுதான் கைதட்டல். தயங்காமல் நீங்களும் தட்டுங்கள்.

வணக்கம் மக்களே! ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் இப்போது முதலிடம். 2023-24 குளிர்கால செமஸ்டரிலேயே சுமார் 49 ஆயிரம் பேர். ஏபிஎஸ் சான்றிதழ் (நம்ம படிப்புச் சான்றிதழ்கள் உண்மைதான் என்பதற்கான அத்தாட்சி), பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ, குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, இதெல்லாம் உங்கள் கன்சல்டன்சியே காது புளிக்கச் சொல்லியிருக்கும். அதனால் நேராக பாட்டிலுக்கு வருகிறேன்.

[திரையில்: சூப்பர் மார்க்கெட் பில்]

தண்ணீர் பாட்டில் வாங்கினால் பில்லில் கூடவே 25 சென்ட், அதாவது கால் யூரோ ஏறியிருக்கும். அது ஃபான்ட், அதாவது பாட்டிலுக்கான டெபாசிட். மலிவு விலைக் கடைகளில் தண்ணீரைவிட டெபாசிட் அதிகமாக வருவதும் உண்டு! கூல்டிரிங்ஸ் டின்னுக்கும் அதே 25 சென்ட். கழுவித் திரும்ப நிரப்புகிற பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான். (உனக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று அம்மா கேட்டால், பொது அறிவு என்று சொல்லிவிடுங்கள்.)

காசைத் திரும்ப வாங்குவது எப்படி? சூப்பர் மார்க்கெட்டில் ஒரு மூலையில் வட்ட ஓட்டையோடு ஒரு இயந்திரம் நிற்கும். பாட்டிலைப் படுக்க வைத்து உள்ளே விட்டால், அது உருட்டி உருட்டி பார்கோடைத் தேடும். கிடைத்ததும் லபக்கென்று இழுத்துக்கொள்ளும். கடைசியில் பட்டனை அழுத்தினால் சீட்டு வரும். கவுண்டரில் நீட்டினால் பில்லில் கழிப்பார்கள், கேட்டால் காசாகவே தருவார்கள்.

இங்கேதான் நம்ம ஆட்கள் மாட்டுவது. குடித்து முடித்ததும் பாட்டிலை நசுக்கச் சொல்லி நம்ம ஊர் லேபிளிலேயே அச்சடித்திருக்கும், கையும் பழகிவிட்டது. அங்கே நசுக்கினாலோ லேபிளைக் கிழித்தாலோ பார்கோடு படிக்காது, பாட்டிலை வெளியே தள்ளிவிடும். பின்னால் வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விடுவார்.

தெருக் குப்பைத்தொட்டிப் பக்கத்தில் காலி பாட்டில்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். சோம்பேறித்தனம் இல்லை. பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டாமே என்று வெளியே வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம் இதுதான்.

நமக்கும் இது முழுக்கப் புதிதில்லை. உயர் நீதிமன்றம் சொல்லி 2022இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் டெபாசிட் வந்ததே! என்னைக் கேட்டால் ‘குப்பை போடாதீர்’ போர்டு ஆயிரம் வைப்பதைவிட இந்த 10 ரூபாய் மேல். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? கமெண்டில் சண்டை போடலாம்.

மற்றதெல்லாம் வேகமாக. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி வேண்டாம்.

அப்புறம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். டிவியே இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை, கட்டித்தான் ஆக வேண்டும். ஒரே பிளாட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். யார் பெயரில் என்று முதல் வாரமே பேசி, பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.