சாவிக்கொத்தும் மாத்திரைப் புட்டியும்

நடுவர் அவர்களே, "வளரும் நாடுகளில் வலிப்பு நோயாளிக்குப் பெருந்தடை மருந்துப் பற்றாக்குறையா, மக்களின் அறியாமையா?" என்ற இன்றைய தலைப்பில், அறியாமையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய், அவர்களில் 80 விழுக்காட்டினர் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் எண்களை எதிரணித் தலைவர் அடுக்கினார். மறுக்கவில்லை. முறையான சிகிச்சை பெற்றால் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம், ஆண்டு மருந்துச் செலவு 5 அமெரிக்க டாலர் அளவுக்குக்கூடக் குறையலாம் என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். ஃபீனோபார்பிட்டால் 1912 முதல் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. நூறாண்டு கடந்த மலிவான மருந்து இன்னும் பல ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், கேட்பார் இல்லாததும் ஒரு காரணம். நோயையே ஒளிப்பவர் மருந்து கேட்டு வரிசையில் நிற்பாரா?

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கோயில் திருவிழாவில் என் கண்ணெதிரே ஓர் இளைஞர் வலிப்பு வந்து விழுந்தார். ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லிடுக்கில் கரண்டியைச் செருகப் பார்த்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றதும், "பார்த்தீங்களா, இரும்பு வேலை செய்யுது!" என்றார் சாவிக்காரர். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்தப் புகழைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சாவி வாங்கிக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணியை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, 5 நிமிடம் தாண்டினால் அவசர எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியாது.

பெயரிலேயே தொடங்குகிறது இழிவு. மலாய்ப் பழைய வழக்கில் இதன் பெயருக்குப் பொருள் 'பன்றிப் பைத்தியம்'. நாமோ கால்கை வலிப்பைக் காக்காய் வலிப்பாக்கினோம். காக்கை என்ன பாவம் செய்ததோ!

மருந்து கிடைத்துவிட்டால் போதும் என்கிறார் எதிரணித் தலைவர். எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகளின் வலிப்பு மாத்திரைகளை வைட்டமின் புட்டியில் கொட்டி, சீட்டைக் கிழித்தெறிந்து, புகுந்த வீட்டுக்கு அனுப்பினார். மாமியார் பார்வையில் படக்கூடாதென்று அந்தப் பெண் வேளை தவறவிட்டாள். மூன்றாண்டுகளாக வராத வலிப்பு மூன்றாம் மாதமே திரும்பியது. நடுவர் அவர்களே, மாத்திரை அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அரசாங்கக் கிளினிக்கில் அதற்கு அவர்கள் கட்டியது 1 ரிங்கிட்.