தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

வணக்கம். படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடியில் காற்று பலமாக இருக்கிறது. வேண்டுமென்றேதான் இங்கே வந்தேன். அதோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை தெரிகிறதே, அங்கே நின்றுதான் 16 வருடம் புகைபிடித்தேன். சுவரில் உள்ள கறுப்புப் புள்ளிகள் எல்லாம் சிகரெட்டை நசுக்கி அணைத்த தடம். வெள்ளையடித்தும் போகவில்லை.

சிகரெட்டை விட்டு இன்றோடு 93 நாள்.

வீட்டுக்குள் ஒருநாளும் பிடித்ததில்லை என்பதில் எனக்குப் பெரிய பெருமை. மாடிக்கு வந்து பிடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, ஏலக்காய் மென்றுகொண்டு இறங்கினால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். எங்கள் குளியலறையில் ஒரு நீல வாளி உண்டு. என் சட்டைகள் மட்டும் அதில் தனியாக ஊறும். மனைவி ஊருக்குப் போயிருந்த ஒருநாள் எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டு ஊறவைத்தேன். ஏழு வயது மகள் ஓடிவந்து தன் சீருடையை மட்டும் வெளியே இழுத்தாள். "அப்பா சட்டையோடு போடக் கூடாது. எனக்கு இருமல் வரும்" என்றாள்.

அந்த வாளி எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. மனைவியும் சொன்னதில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். வாளியிடம் என்ன பேசுவது? புகையின் எச்சம் துணியிலும் தலைமுடியிலும் திரைச்சீலையிலும் நாள்கணக்கில் தங்கும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

முதல் முயற்சி மூன்றாம் நாளே முறிந்தது. நிகோடின் இல்லாத தவிப்பு உச்சத்தில் இருப்பதும் அந்த இரண்டு, மூன்று நாள்களில்தானாம். நான் பெட்டியாக வாங்கியவன் அல்ல. பெட்டிக்கடையில் ஒவ்வொன்றாகச் சில்லறையில் வாங்கியவன். அதனால் பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படத்தை நான் உற்றுப் பார்த்ததில்லை, அதோடு அச்சடித்திருக்கும், புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற தொலைபேசி எண்ணையும்தான். ஒருநாள் கடைக்காரரிடம் பெட்டியைக் கேட்டு வாங்கி, எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்த எண்ணுக்கு அழைத்தேன், கட்டணம் இல்லை. பேசிய பெண்மணி உபதேசம் செய்யவில்லை. "எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்டார். ஐந்து நிமிடத்துக்குள் என்றேன். அப்படிப்பட்டவர்களிடம் நிகோடினின் பிடி இறுக்கமாக இருக்குமாம்.

மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். மிட்டாய்போல மென்று தள்ளியதில் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். வெற்றிலை போடும் பாட்டி வீட்டில் இருந்தால் இதைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. காபி குடித்த வாயோடு போட்டால் பயனில்லை, கால் மணி நேரம் விடுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

டீ விஷயம்தான் என்னை ஏமாற்றிவிட்டது. புகைபிடிப்பவரின் உடல் காஃபீனை வேகமாக வெளியேற்றிவிடும். புகை நின்றதும் அது இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. நானோ வழக்கம்போல் ஆறு டீ குடித்துவிட்டு, கை நடுங்குகிறது, தூக்கம் வரவில்லை, எல்லாம் சிகரெட்டை விட்டதால்தான் என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாகக் குறைத்த பிறகுதான் தூங்கினேன்.

41ஆம் நாள், நண்பன் கல்யாணம். மண்டபத்துக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள், ஐந்தாவதாக நானும் போய் நின்றேன். பாதி பிடித்தேன். அதற்காக எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கவில்லை, கோபிப்பவர்கள் கோபித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பதில் இல்லை. சட்டையைக் கழற்றி, நீல வாளியில் தண்ணீர் பிடித்து, நானே ஊறப்போட்டேன்.

கீழே கூப்பிடுகிறார்கள், வருகிறேன்.