வரி குறைந்தது, வணிகம் ஏன் வளரவில்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு சரக்குப் பெட்டகம் வருகிறது. உள்ளே இருப்பது இலங்கைப் பொருள்தானா? அண்டை நாடுகள் எத்தனை ஒப்பந்தம் போட்டாலும், வரிச்சலுகை கிடைப்பது இந்தக் கேள்விக்குச் சுங்கத்துறை சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான்.

இந்திய-இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலேயே விளைந்த பொருளுக்குச் சிக்கல் இல்லை. வெளிநாட்டு மூலப்பொருளில் செய்ததென்றால் இரண்டு சோதனைகள். மூலப்பொருளுக்கும் செய்து முடித்த பொருளுக்கும் எச்.எஸ். குறியீட்டின், அதாவது சுங்கத்துறைகள் பொருள்களை வகைப்படுத்தும் எண்ணின், முதல் நான்கு இலக்கங்கள் வேறாக இருக்க வேண்டும். அடுத்தது மதிப்புக் கணக்கு: கப்பலில் ஏற்றும் நிலையில் உள்ள விலை, அதாவது எஃப்.ஓ.பி. விலை 100 ரூபாய் என்றால், வெளிநாட்டு மூலப்பொருள் 65 ரூபாயைத் தாண்டக் கூடாது. மூலப்பொருளில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தே போயிருந்தால் தளர்வு உண்டு. இலங்கையில் 25 ரூபாய் மதிப்பு கூடினால் போதும், இந்தியப் பங்கு 10 ரூபாயோடு சேர்ந்து 35 ஆகிவிடும். மறுபொதி செய்வதும் லேபிள் ஒட்டுவதும் கணக்கில் வராது.

இவ்வளவு கவனமாக எழுதிய விதியும் வனஸ்பதியில் வழுக்கியது. வனஸ்பதிக்கு மூலப்பொருள் பாமாயில். அதன் இறக்குமதிக்கு அப்போது இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. பாமாயிலின் குறியீடு 1511, வனஸ்பதியின் குறியீடு 1516. ஆகவே முதல் சோதனை தானாகவே தேறிவிடும். இலங்கையில் ஆலைகள் எழுந்தன, அவற்றில் இந்திய முதலீடும் இருந்தது. சரக்கு குவிந்ததும் இந்திய உற்பத்தியாளர்கள் குரல் எழுப்ப, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. தாமிரத்திலும் ஏறத்தாழ இதே கதை. ஏமாற்று என்று இதைச் சொல்லிவிட முடியாது. அண்டை நாடுகளின் மூலப்பொருள் வரியில் பெரிய இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியே ஒரு வியாபாரமாகிவிடும்.

தெற்காசிய நாடுகள் எட்டின் கூட்டமைப்பான சார்க்குக்கு வருவோம். அதன் தடையற்ற வணிக ஒப்பந்தமான சாஃப்டா 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. உள்நாட்டு மதிப்பு பொதுவாக 40 சதவீதம் வேண்டும். இலங்கைக்கு 35, பங்களாதேஷ், நேபாளம் போன்ற வளர்ச்சி குறைந்த நாடுகளுக்கு 30. எழுத்தில் தாராளம்தான். ஆனால் ஒவ்வொரு நாடும் வரிச்சலுகை தராத பொருள்களுக்கு ‘உணர்திறன் பட்டியல்’ என்று ஒன்றை வைத்து, அண்டை நாடு நன்றாக விற்கக்கூடிய பொருள்களையே அதில் போட்டுவைத்தது. சார்க் நாடுகளின் மொத்த வணிகத்தில் தங்களுக்குள் நடப்பது இன்றும் சுமார் 5 சதவீதமே.

அமைப்பின் சாசனமும் கையைக் கட்டுகிறது. எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிணக்குகளைப் பேசவே கூடாது. 2014 காட்மாண்டு மாநாட்டில் வாகனப் போக்குவரத்து ஒப்பந்தம் பாகிஸ்தான் இசையாததால் நின்றது. மறு ஆண்டே பங்களாதேஷ், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் தனியாக ஒன்றில் கையெழுத்திட்டன. அதற்குப் பூடானின் மேலவை ஒப்புதல் தரவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த சார்க் உச்சிமாநாடு, காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு கைவிடப்பட்டது. வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் பக்கம் கவனம் திரும்பியிருக்கிறது, ஆனால் வணிகத்தில் அங்கும் வேகம் இல்லை. 2004இல் சட்டக ஒப்பந்தம், அதாவது அடிப்படை வரையறை ஒப்பந்தம், போட்டவர்கள் தடையற்ற வணிக ஒப்பந்தத்தை இன்னும் முடிக்கவில்லை.

இருக்கிற சலுகையையாவது இறக்குமதியாளர் கோட்டைவிடாமல் இருக்க வேண்டும். 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில், பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதைச் சுங்கத்துறை சரிபார்ப்பதற்கான ‘கரோடார்’ விதிகள் அமலில் உள்ளன. பொருள் எந்த நாட்டினுடையது என்று காட்டி விற்பவர் அனுப்பும் மூலச் சான்றிதழ் மட்டும் இப்போது போதாது. பொருள் எப்படிச் செய்யப்பட்டது, உள்நாட்டு மதிப்பு எவ்வளவு என்ற விவரங்களை இறக்குமதியாளரே படிவம் 1இல் திரட்டி, ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சான்றிதழில் உள்ள குறியீடோ விலைப்பட்டியல் எண்ணோ இறக்குமதிப் பத்திரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே கேள்வி எழும். மூன்றாம் நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு கப்பல் மாறினால், புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரைக்குமான ஒரே கப்பல் ரசீதை வாங்குங்கள். இல்லையென்றால் வழியில் சரக்கு கைமாறவில்லை என்று நிரூபிப்பது பெரும்பாடு.

பணம் கைக்கு வந்தபின் எந்த ஏற்றுமதியாளரும் தன் அடக்கவிலை விவரத்தை எளிதில் தரமாட்டார். அதனால் கொள்முதல் ஆணையிலேயே அதை நிபந்தனையாக எழுதிவிடுங்கள். சுங்கத்தில் சலுகை மறுக்கப்பட்டால் வித்தியாச வரியை யார் ஏற்பது என்பதையும் அதே ஆணையில் சேருங்கள்.

வணக்கம்.