தொலைபேசியின் மறுமுனையில்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நகைச்சுவையாளர் பாப் நியூஹார்ட்டைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச வந்திருக்கிறேன். சிரிப்பில் பாதியை ரசிகர்களிடமே விட்டுவைத்த கலைஞர் அவர். அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை பிரியம்.

அவருடைய ஒரு நகைச்சுவை உரையாடலைக் கேளுங்கள். நியூயார்க்கின் வானளாவிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒருவனுக்கு இரவுக் காவலாளி வேலை. முதல் நாளே, சினிமாவில் வரும் ராட்சதக் குரங்கான கிங் காங் கட்டடத்தில் ஏறுகிறது. அவன் மேலதிகாரிக்குப் போன் செய்கிறான். ஜன்னல் வழியாகக் குரங்கின் கால்விரல் தெரிகிறது, விதிப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வதென்று போடவில்லை என்கிறான். சாதாரணக் குரங்கு இல்லை ஐயா, பதினெட்டு பத்தொன்பது மாடி உயரம், பதின்மூன்றாம் மாடி உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது என்று பணிவாக விளக்குகிறான். (பதின்மூன்று ராசியில்லாத எண் என்று அமெரிக்காவில் பல கட்டடங்களில் அந்த மாடி எண்ணையே விட்டுவிடுவார்கள்.) அதிகாரியின் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. காவலாளி தயங்கி நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அவர் என்ன கேட்டிருப்பார் என்று நாமே ஊகித்துச் சிரிக்கிறோம்.

இந்தப் பாணி பிறந்த கதையும் சுவையானது. சிகாகோவில் கணக்கராக இருந்தவர் நியூஹார்ட். மாலையில் கல்லாவில் ஒன்றிரண்டு டாலர் உதைத்தால் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்புறம் விளம்பரத் துறைக்குப் போனார். அங்கே ஒரு நண்பரோடு வேடிக்கையாகப் போனில் பேசிப் பதிவுசெய்து, வானொலி நிலையங்களுக்கு விற்றுப் பார்த்தார். நண்பர் நியூயார்க்குக்கு வேலைக்குப் போய்விட, மறுமுனை காலியானது. இவர் பேச்சை நிறுத்தவில்லை.

1960 பிப்ரவரியில், ஹூஸ்டன் நகரில், அதற்குமுன் இரவு விடுதி மேடையே ஏறியிராத அந்த மனிதரின் நிகழ்ச்சியை இசைத்தட்டாகப் பதிவுசெய்தார்கள். அமெரிக்காவில் இசைத்தட்டுகளின் விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் நகைச்சுவை இசைத்தட்டு அதுதான். அடுத்த ஆண்டு, இசைத்தட்டுகளுக்கான கிராமி விருது விழாவில் சிறந்த ஆல்பம், சிறந்த புதுக் கலைஞர் என இரண்டு விருதுகளும் அவருக்கே.

1972இல் தொலைக்காட்சித் தொடர் தேடி வந்தபோது அவருக்குத் தந்த வேடம் உளவியல் நிபுணர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! பிறர் பேச, கேட்டுக்கொண்டிருப்பதுதானே அந்தத் தொழில். யாராவது அபத்தமாக எதையாவது சொன்னால் அவர் முகம் மெல்ல மாறும், பிறகு திக்கித் திணறிப் பதில் வரும். அந்தத் திக்கல் நடிப்பல்ல, இயல்பிலேயே உள்ளது. ஒரு காட்சி நீள்கிறது, திக்கலைக் குறைக்க முடியுமா என்று தயாரிப்பாளர் கேட்டாராம். பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸில் எனக்கு வீடு வாங்கித் தந்ததே அதுதான் என்றாராம் நியூஹார்ட்.

அடுத்த தொடரில் வெர்மான்ட் மாநிலத்து விடுதிக்காரர். 1990இல் அதன் கடைசிக் காட்சியில் அவர் தூக்கத்திலிருந்து எழுகிறார். பக்கத்தில் படுத்திருப்பது பழைய தொடரின் மனைவி! எட்டு வருடக் கதையும் கனவாம். அந்தப் படுக்கையறையைப் பார்த்ததுமே அரங்கில் இருந்தவர்கள் புரிந்துகொண்டு ஆர்ப்பரித்தார்கள்.

இப்படிப்பட்டவருக்கு, தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கான எம்மி விருது 2013இல்தான் கிடைத்தது, 84 வயதில், 'த பிக் பேங் தியரி' தொடரில் கௌரவ வேடத்துக்காக. இவ்வளவு தாமதித்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். 2024 ஜூலையில், 94 வயதில் காலமானார்.

அவரைப் புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் அந்தக் காவலாளி உரையாடலில் தொடங்குங்கள். படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும்.

வணக்கம்.