புள்ள யாரிட்டப் போய்க் கேக்கிற?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எண்டு எங்க இருந்து கேட்டாலும் சரி, இண்டைக்கு என்ட தங்கச்சிட மகள்ற கதையில இருந்துதான் தொடங்கப்போறன்.

புள்ள ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு, வீட்டில இருந்தே செய்யிற வேலைக்கு, அப்ளிகேசன் போட்டவ. இன்டர்வியூ போனிலதான், ஆனா மற்றப் பக்கம் ஆள் இல்ல, திரையில கேள்வி எழுத்தா வரும், கமராவப் பார்த்து ஒண்டரை நிமிசத்துக்குள்ள பதில் சொல்லோணும், மூலையில செக்கன் குறைஞ்சுகொண்டே வரும். நாலாவது கேள்வியில மழைக்கு சிக்னல் விழுந்திட்டு. மறுகா பத்து நிமிசத்தில ஈமெயில், நீங்க தெரிவாகல்ல எண்டு. கீழ ஒரு மனிசன்ட பேர் கூட இல்ல. "யாரிட்ட மாமா கேக்கிற?" எண்டாள், எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு.

கம்பனி ஜேர்மனியில, தகவலச் சேமிச்சு வைக்கிற கம்பியூட்டர், அதுதான் சேவர், வேற எங்கயோ, புள்ள மட்டக்களப்பில. சேவர் கிடக்கிற நாட்டுச் சட்டம்தான் எண்டு கனபேர் நினைக்கிற, அப்படி இல்ல. ஐரோப்பிய ஒன்றியத்திட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்தது, கம்பனி அங்க இருந்தா அது யார்ற தகவலக் கையாண்டாலும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படோணும், நம்மட புள்ளட தகவலும் அதுக்குள்ள வரும், இலங்கைப் பாஸ்போர்ட் எண்டு தள்ளி வைக்க ஏலாது. அதில 22ம் பிரிவு, மெசின் மட்டும் தனிய எடுத்த பெரிய முடிவ ஒரு மனிசன் பார்க்கோணும் எண்டு கேக்கிற உரிமையச் சொல்லுது. இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல வந்த.

ஏஐக்கெண்டே அவங்க கொண்டு வந்த சட்டம் 2024 ஆகஸ்ட் 1ல அமுலுக்கு வந்தது, கட்டங்கட்டமா நடைமுறைப்படுத்துறாங்க. வேலைத்தலத்தில முகத்தப் பார்த்து மனநிலைய அளக்கிற ஏஐக்கு, மருத்துவம், பாதுகாப்புத் தேவைகளத் தவிர, 2025 பெப்ரவரி 2ல இருந்து தடை. மீறினா 3.5 கோடி யூரோ வரைக்கும், இல்லாட்டி உலகம் முழுக்க உழைக்கிற வருமானத்தில 7 வீதம் வரைக்கும் தண்டம், எது கூடவோ அது. இங்க இருந்து சொப்ட்வெயார் செய்து அங்க விக்கிற நம்மட பொடியன்மாரும் இதக் கவனிக்கோணும், ஏஐ தாற முடிவு அங்க பாவிக்கப்பட்டாலே அந்தச் சட்டம் இங்க வரைக்கும் நீளும்.

நம்மட நாட்டிலயும் 2022ம் ஆண்டு 9ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. வெளிநாட்டில இருந்துகொண்டு இங்க உள்ள ஆக்களுக்குச் சேவை தாறவங்களையும் அது பிடிக்கும், தானியங்கி முடிவ மீள்பரிசீலனை செய்யச் சொல்லிக் கேக்கவும் இடம் வச்சிருக்கு, ஆனா நடைமுறைக்கு வாற திகதியத் தள்ளித் தள்ளிப் போட்டது எனக்கு உண்மையா மனவருத்தம். சனம் கேட்டாத்தான் அது அசையும்.

"சம்மதிக்கிறன்" பட்டன அமத்திட்டன், இனி என்ன செய்யிற எண்டு யோசிக்காதீங்க. அந்தத் தட்டு எல்லா உரிமையையும் அழிச்சுப்போடாது. வந்த ஈமெயில அழிக்காதீங்க, திரையப் படம் பிடிச்சு வைங்க, கம்பனி எந்த நாட்டில பதிஞ்சிருக்கு எண்டு அதுட பிரைவசி பக்கத்தில தேடிப் பாருங்க.

புள்ள அப்படித்தான், ஒரு மனிசன் பார்க்கோணும் எண்டு கம்பனிக்கு எழுதினவ, சிக்னல் விழுந்த நேரத்தையும் போட்டு. பன்னிரண்டாம் நாள் பதில் வந்திச்சு, இந்தத் தரம் கீழ ஒரு பேர் இருந்திச்சு, வாற செவ்வாய்க்கிழமை திரும்ப இன்டர்வியூ.